மருத்துவ ஆராய்ச்சியில் முதுநிலைப் பயிற்சி: ஒரு கேள்வியைக் கடைசிவரை கொண்டுசெல்வது எப்படி

நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பதில் சில ஆண்டுகள் பழகிய எவருக்கும், தாம் வழக்கமாகச் செய்துவரும் ஒன்று உண்மையிலேயே பலன் தருகிறதா என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆய்வகத்தில் பணியாற்றுபவருக்கோ, தாம் கண்டறிந்தது என்றாவது ஒரு நோயாளியைச் சென்றடையுமா என்ற கேள்வி எழுகிறது. இவ்விரு கேள்விகளையும் முறையான ஆய்வாக மாற்றி, விடை காணும்வரை கொண்டுசெல்லக் கற்றுத்தருவதே மருத்துவ ஆராய்ச்சி, ஆய்வகக் கண்டுபிடிப்பை நோயாளியிடம் கொண்டுசேர்க்கும் டிரான்ஸ்லேஷனல் ஆராய்ச்சி ஆகியவற்றுக்கான முதுநிலைப் பயிற்சியின் வேலை. ஆய்வகக் கண்டுபிடிப்பு மனிதரிடம் முதன்முதலாகச் சோதிக்கப்படுவது, அங்கிருந்து சிகிச்சைப் பரிந்துரையாவது, பிறகு அன்றாட மருத்துவத்தில் இடம்பெறுவது, முடிவில் ஒரு சமூகத்தின் உடல்நலத்தையே மாற்றுவது என்று நீளும் பாதையை டி0 முதல் டி4 வரையிலான கட்டங்களாகப் பிரித்துச் சொல்வது இத்துறையின் வழக்கம். மருத்துவர்கள் மட்டுமல்லாமல் செவிலியர், பல் மருத்துவர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், உயிரியல் ஆய்வாளர் எனப் பலரும் இப்பயிற்சியில் சேர்கிறார்கள்.

குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பு, ஓரிரு ஆண்டு முதுநிலைப் பட்டம், முனைவர் பட்டம் என மூன்று வடிவங்களில் இப்பயிற்சி கிடைக்கிறது. அமெரிக்காவின் தேசிய உடல்நல நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டு 12 கல்வி நிறுவனங்களுக்கு நிதியளித்துத் தொடங்கிய திட்டம், இத்தகைய பட்டப்படிப்புகள் பரவுவதற்குப் பெரிய உந்துதலாக இருந்தது. எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். இப்பயிற்சியின் மையம் பாடங்கள் அல்ல. ஒரே ஒரு கேள்வியைத் தொடக்கம் முதல் வெளியீடு வரை தானே நடத்திச் செல்லும் அனுபவமே அதன் மையம். பாடங்கள் அந்தக் கேள்விக்கு உழைக்க வேண்டும். பாடங்களை முடித்துவிட்டுக் கேள்வியைத் தேடலாம் என்று காத்திருப்பவர்கள் பட்டத்தோடு வெளியேறுகிறார்கள்; ஆராய்ச்சியாளராக வெளியேறுவதில்லை.

முறைமை ஏன் இவ்வளவு முக்கியம்

அனுபவமும் நல்லெண்ணமும் மட்டும் போதாது என்பதற்கு இத்துறையில் மறக்கக் கூடாத சான்று ஒன்று உண்டு. மாரடைப்புக்குப் பின் இதயத்தின் கீழறைகளில் தோன்றும் கூடுதல் துடிப்புகள் திடீர் மரணத்தோடு தொடர்புடையவை என்பது தெரிந்திருந்தது. எனவே அத்துடிப்புகளை அடக்கும் மருந்துகள் உயிரைக் காக்கும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். ஏராளமான நோயாளிகளுக்கு அவற்றை எழுதியும் கொடுத்தார்கள். 1980களின் இறுதியில் இதைச் சோதிக்க நடத்தப்பட்ட காஸ்ட் என்னும் மருத்துவப் பரிசோதனையில், என்கெய்னைடு, ஃபிளெக்கெய்னைடு ஆகிய மருந்துகள் துடிப்புகளை அடக்கத்தான் செய்தன. ஆனால் 1991இல் வெளியான முடிவுகளின்படி, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், போலி மருந்து பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். தர்க்கம் சரியாக இருந்தது, துடிப்பு அளவீடு சரியாக இருந்தது, மருத்துவர்களின் நோக்கமும் சரியாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும் குழு இல்லாமலிருந்தால் அந்தக் கூடுதல் மரணங்கள் எவர் கண்ணிலும் பட்டிருக்காது. இப்பயிற்சியில் சேரும் ஒவ்வொருவரும் இந்த ஆய்வுக் கட்டுரையை முதல் வாரத்திலேயே படித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விண்ணப்பிக்கும் முன்பே கேள்வியோடு இருங்கள்

விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்குச் சில மாதங்கள் முன்பே, உங்கள் பணியிடத்தில் உங்களை உறுத்தும் விஷயங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரத் தொடங்குங்கள். நோயாளிகள் ஏன் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள், ஒரே பரிசோதனையை ஏன் மூன்று முறை செய்கிறோம், இந்தக் கட்டுப்போடும் முறைக்கு யார் ஆதாரம் காட்டினார்கள் என்பது போன்ற எளிய ஐயங்களே நல்ல ஆய்வுகளுக்கு விதையாகின்றன. அவற்றுள் எதற்கு ஏற்கெனவே விடை இருக்கிறது என்பதைப் பப்மெட், காக்ரேன் நூலகம் போன்ற மருத்துவ ஆய்வுகளின் இணையத் தொகுப்புகளில் தேடிப் பார்த்து, விடையுள்ளவற்றை நீக்கிவிட்டால் பட்டியல் விரைவில் சுருங்கிவிடும்.

எஞ்சியவற்றில் ஒன்றை எடுத்து நான்கு பகுதிகளாகப் பிரித்து எழுத வேண்டும்: யாரிடம், எதைச் செய்து, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவை அளக்கப்போகிறோம்? ஓர் எடுத்துக்காட்டைக் கட்டுரை முழுவதும் பின்தொடர்வோம். இதயச் செயலிழப்பால் சேர்க்கப்பட்டு வீடு திரும்பும் நோயாளிகள் பலர், மருந்துகளைச் சரியாக எடுத்துக்கொள்ளாததால் மீண்டும் மருத்துவமனைக்கே வருகிறார்கள் என்று ஒரு செவிலியர் கவனிக்கிறார். 'நோயாளிக்கு விளக்கம் அளித்தால் நல்லதா?' என்பது அக்கறை. அது இன்னும் ஆய்வுக் கேள்வி ஆகவில்லை. 'இதயச் செயலிழப்புடன் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு, வழக்கமான விளக்கத்தோடு சேர்த்து, கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவைக்கும் முறையில் அரை மணி நேரம் மருந்துப் பயிற்சி அளித்தால், வழக்கமான விளக்கம் மட்டும் பெற்றவர்களைவிட 30 நாட்களுக்குள் மீண்டும் சேர்க்கப்படுவது குறைகிறதா?' என்பது ஆய்வுக் கேள்வி. இந்த வடிவத்துக்கு வந்த பிறகுதான் அதைச் செய்ய முடியுமா, செய்யத் தகுமா, அறநெறிக்கு உட்பட்டதா என்றெல்லாம் சோதிக்க வழி பிறக்கிறது.

நோக்கக் கடிதத்திலும் இந்தக் கேள்வியையே எழுதுங்கள். மனித குலத்துக்குச் சேவை செய்யும் ஆர்வம் பற்றிய பொதுவான பத்திகள் தேர்வுக் குழுவுக்கு எதையும் சொல்வதில்லை. தெளிவான ஒரு கேள்வியும், அதற்கு எந்தத் திறன் உங்களிடம் இல்லை என்ற நேர்மையான கணிப்பும் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

படிப்பையும் வழிகாட்டியையும் தேர்ந்தெடுத்தல்

ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரைவிட நான்கு விவரங்கள் அதிகம் பேசும். முதலாவது, ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட நேரம். மருத்துவப் பணியிலிருந்து வாரத்தில் எத்தனை நாள் உங்களை முழுமையாக விடுவிப்பார்கள், அது எழுத்தில் உறுதி செய்யப்படுமா என்று கேளுங்கள். பணிநேரம் முடிந்தபின் படித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் பயிற்சியின் முதல் பலி ஆய்வுதான். பாடத் தேர்வுகளில் எப்படியாவது தேறிவிடலாம், ஆய்வு மட்டும் அரைகுறையாக நின்றுவிடும். இரண்டாவது, புள்ளியியலாளரை அணுகும் வாய்ப்பு. மாணவர்களுக்கென ஆலோசனை நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, உங்கள் கேள்விக்குத் தேவையான நோயாளிகளோ தரவோ உண்மையில் அங்கே இருக்க வேண்டும். நான்காவது, முன்பு படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பது. கடைசி விவரத்தை நிறுவனத்தின் கையேட்டிலிருந்து அல்லாமல், படித்து முடித்தவர்கள் இருவர் மூவரிடம் நேரில் பேசித் தெரிந்துகொள்வது நல்லது.

வழிகாட்டி விஷயத்தில் ஒருவரையே நம்பியிருக்க வேண்டாம். நோயை நன்கறிந்த ஒருவர், ஆய்வு முறையியலை நன்கறிந்த ஒருவர், உங்கள் தொழில்வாழ்வைப் பற்றி வெளியிலிருந்து நேர்மையாகப் பேசக்கூடிய ஒருவர் என மூவர் கொண்ட சிறு குழு அமைவது நல்லது. பெரும் புகழுடைய பேராசிரியருக்கு உங்கள் வரைவைப் படிக்க இரண்டு மாதம் ஆகுமென்றால், அவரைக் குழுவில் வைத்துக்கொண்டு, அன்றாட வழிகாட்டலை இடைநிலை ஆசிரியர் ஒருவரிடம் பெறுவதே மேல்.

முதல் சந்திப்பிலேயே சிலவற்றைப் பேசி எழுதிக்கொள்வது இருவருக்கும் நன்மை தரும். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பது, வரைவைத் திருத்தித் தர எத்தனை நாள் ஆகும், தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் ஆகியவை அவை. பெயர் வரிசையைக் கட்டுரை எழுதி முடித்தபின் பேசினால் மனக்கசப்பில் முடியும். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு கட்டுரையாசிரியராகத் தகுதி பெற நான்கு நிபந்தனைகளை வகுத்திருக்கிறது: ஆய்வின் கருத்தாக்கத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்பது. நான்கும் ஒருங்கே இருக்க வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் சேர்க்க அதில் இடமில்லை. மூத்தவரிடம் இதைச் சொல்வது இளையவருக்குக் கடினம் என்பதை அறிவேன். முதல் நாளிலேயே அந்த விதிமுறையை மேசைமேல் வைத்து, 'இதன்படி போகலாமா ஐயா?' என்று கேட்டுவிட்டால் பிறகு அது யாரையும் சுடாது.

பாடங்களில் எதற்கு அதிக நேரம் தர வேண்டும்

நோய்ப்பரவியல், உயிரிப்புள்ளியியல், ஆய்வு வடிவமைப்பு, ஆராய்ச்சி அறநெறி, தரவு மேலாண்மை, நிதி விண்ணப்பம் எழுதுதல் ஆகியவை ஏறக்குறைய எல்லாப் பாடத்திட்டங்களிலும் இருக்கும். இவற்றுள் நோய்ப்பரவியலுக்கும் புள்ளியியலுக்கும் பாதிக்குமேல் உழைப்பைக் கொடுங்கள். கணித நிரூபணங்களைவிட, ஒரு ஒப்பீடு எப்படியெல்லாம் தவறான விடை தரக்கூடும் என்பதை அடையாளம் காணும் பழக்கமே இங்கே தேவை. குழப்பும் காரணி (சிகிச்சையோடும் விளைவோடும் ஒருசேரத் தொடர்புடைய வேறொன்று), தேர்வுச் சார்பு (யார் சேர்க்கப்படுகிறார் என்பதால் வரும் பிழை), அளவீட்டுச் சார்பு (அளக்கும் விதத்தால் வரும் பிழை) ஆகிய மூன்றையும் வகுப்பில் படிக்கும் வாரத்திலேயே உங்கள் சொந்தக் கேள்வியில் அவை எங்கே ஒளிந்திருக்கும் என்று எழுதிப் பாருங்கள். நமது செவிலியரின் கேள்வியில், மருந்துப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்க முன்வரும் நோயாளிகள் ஏற்கெனவே அக்கறை மிகுந்தவர்களாக இருப்பார்கள். அவர்களை மற்றவர்களோடு அப்படியே ஒப்பிட்டால் பயிற்சிக்குச் சேர வேண்டாத புகழ் சேர்ந்துவிடும். யாருக்குப் பயிற்சி என்பதைக் குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் ஒதுக்குவதற்கு இதுவே காரணம்.

அந்த ஒதுக்கீடும் முன்கூட்டியே எவருக்கும் தெரியாதபடி மறைக்கப்பட வேண்டும். 1948இல் வெளியான, காசநோய்க்கு ஸ்டிரெப்டோமைசின் பற்றிய பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பரிசோதனையில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் அளிக்கப்பட்டன. யாருக்கு எது என்பது முத்திரையிட்ட உறைகளுக்குள் இருந்தது. நோயாளி ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகே உறை திறக்கப்பட்டது. இன்று உறையின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது, காரணம் அதேதான்.

புள்ளியியலில் மாதிரி அளவுக் கணக்கை, அதாவது எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற கணக்கை, நீங்களே போட்டுப் பழக வேண்டும், ஏனெனில் ஆய்வு இரண்டு ஆண்டுகளுக்குள் முடியுமா என்பதை அதுதான் சொல்லும். வழக்கமான விளக்கம் பெறுவோரில் 30 சதவீதம் பேர் மீண்டும் சேர்க்கப்படுகிறார்கள், பயிற்சியால் அது 20 சதவீதமாகக் குறையும் என்று எதிர்பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். 5 சதவீதப் பிழை வரம்பும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் காணும் வாய்ப்பு) 80 சதவீதத் திறனும் (இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) வேண்டுமெனில் ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ 294 பேர் தேவை. பத்தில் ஒருவர் தொடர்பை இழப்பார் என்று கணக்கில் கொண்டால் அது 327 ஆகும். இரு குழுக்களுக்கும் 654 பேர். மாதம் 40 பேர் தகுதி பெற்று அவர்களில் பாதிப்பேர் சம்மதித்தால், சேர்க்கை மட்டுமே ஏறக்குறைய 33 மாதங்கள் நீளும். எதிர்பார்க்கும் வேறுபாடு 30க்கும் 25க்கும் இடையிலானது என்றால் நிலைமை இன்னும் கடினம்: குழுவுக்கு சுமார் 1,251 பேர். வேறுபாடு பாதியாகும்போது தேவைப்படும் எண்ணிக்கை நான்கு மடங்குக்கும் மேலாகிறது.

இங்கேதான் மாணவர்கள் பெரும்பாலும் தவறான வழியில் போகிறார்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்றதும் எதிர்பார்க்கும் வேறுபாட்டை 15, 20 சதவீதம் என உயர்த்தி எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறார்கள். நடக்க வாய்ப்பில்லாத பலனை எதிர்பார்த்து வடிவமைத்த ஆய்வு எதையும் நிறுவாது. நோயாளிகள் அளித்த நேரமும் வீணாகும். சரியான வழி கேள்வியைச் சுருக்குவது. மீண்டும் சேர்க்கப்படுவதற்குப் பதிலாக, வீடு திரும்பிய 14ஆம் நாளில் தன் மருந்துகள் அனைத்தின் அளவையும் நேரத்தையும் பிழையின்றிச் சொல்ல முடிகிறதா என்பதை முதன்மை விளைவாகக் கொள்ளலாம். அதில் 40 சதவீதம் 60 சதவீதமாக உயரும் என்ற எதிர்பார்ப்புக்கு முன்னோடி ஆய்வொன்றில் ஆதாரம் இருந்தால், குழுவுக்கு 97 பேர் போதும். இழப்பையும் சேர்த்து 108 பேர், மொத்தம் 216. அதே வேகத்தில் 11 மாதங்களில் சேர்க்கை முடிந்துவிடும். மருந்தைச் சரியாகச் சொல்வதால் மருத்துவமனைக்குத் திரும்புவது குறையும் என்று இந்த ஆய்வு காட்டாது. அதைக் கட்டுரையில் தெளிவாக எழுதிவிட வேண்டும். துடிப்பு அடங்கியும் உயிர் காக்கப்படவில்லை என்ற காஸ்ட் பரிசோதனையின் பாடம் இங்கேயும் பொருந்தும். ஆனால் அடுத்த பெரிய ஆய்வுக்கு உறுதியான அடித்தளம் கிடைத்துவிடும்.

புள்ளியியல் மென்பொருள்களான ஆர், ஸ்டாட்டா இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிலைத்திருங்கள். பொத்தான்களை அழுத்திப் பெறும் முடிவை ஆறு மாதம் கழித்து உங்களாலேயே மீண்டும் பெற முடியாது. கட்டளைகளாக எழுதி வைத்த பகுப்பாய்வை எவரும் சரிபார்க்கலாம்.

புரோட்டோகாலும் அறநெறிக் குழுவும்

புரோட்டோகால் என்பது ஆய்வின் முழு நடைமுறையையும் முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணம். அதை முதல் ஆண்டின் பாதிக்குள் முடித்துவிடத் திட்டமிடுங்கள். மருத்துவப் பரிசோதனைகளுக்கான புரோட்டோகாலில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்பதற்கு 2013இல் வெளியாகி 2025இல் புதுப்பிக்கப்பட்ட ஸ்பிரிட் வழிகாட்டுதல் நல்ல சரிபார்ப்புப் பட்டியலைத் தருகிறது. அதன் தலைப்புகளையே உங்கள் ஆவணத்தின் தலைப்புகளாக வைத்து எழுதத் தொடங்கலாம். எழுதும்போதுதான் மறைந்திருந்த சிக்கல்கள் வெளிப்படும். நமது எடுத்துக்காட்டில், ஒரே வார்டில் இரு குழு நோயாளிகளும் அடுத்தடுத்த படுக்கைகளில் இருந்தால், பயிற்சி பெற்றவர் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார். அது மனிதப் பண்பு, தடுக்கவும் கூடாது. ஆகவே பயிற்சியை வீடு திரும்பும் நாளன்று தனி அறையில் வைத்துக்கொள்வதா, அல்லது வார்டு வார்டாக ஒதுக்கீடு செய்வதா என்று முடிவெடுக்க வேண்டும். வார்டு வாரியாக ஒதுக்கினால் மாதிரி அளவு மீண்டும் பெருகும். 14ஆம் நாள் தொலைபேசியில் கேள்வி கேட்பவருக்கு, நோயாளி எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பது தெரியாமலிருக்க வேண்டும் என்பதும் இந்தக் கட்டத்திலேயே எழுதப்பட வேண்டிய விவரம்.

அறநெறிக் குழுவின் ஒப்புதலை ஒரு தடையாகவே பலர் பார்க்கிறார்கள். அந்தக் குழுக்கள் ஏன் தோன்றின என்பதைப் படித்தவர் அப்படிப் பார்க்க மாட்டார். 1932 முதல் 1972 வரை அமெரிக்காவின் டஸ்கீகியில், சிஃபிலிஸ் நோய் கொண்ட கறுப்பின ஆண்களுக்கு, நோயின் போக்கைக் கவனிக்கும் நோக்கில், பென்சிலின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் சிகிச்சை மறுக்கப்பட்டது. அவர்களிடம் உண்மை சொல்லப்படவில்லை. மனிதரிடம் ஆய்வு செய்வதற்கு வரம்பு வகுத்த 1947ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் நெறிகளும் 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி பிரகடனமும் வெளிவந்த காலத்திலும் அந்த ஆய்வு தொடர்ந்துகொண்டிருந்தது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி ஆகிய மூன்று கொள்கைகளை வகுத்த 1979ஆம் ஆண்டின் பெல்மான்ட் அறிக்கை இந்த அநீதியின் விளைவாக உருவானதே. ஒப்புதல் படிவத்தை எழுத அமரும்போது அந்த மனிதர்களை நினைவில் கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பை மட்டும் முடித்த ஒருவருக்குப் படித்துக் காட்டி, புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, தடுக்கிய இடங்களையெல்லாம் மாற்றி எழுதிய பிறகே படிவத்தைக் குழுவுக்கு அனுப்புங்கள். பங்கேற்க மறுத்தாலும் வழக்கமான சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்ற வாக்கியம் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குழுவில் முதல் முறையே ஒப்புதல் கிடைப்பது அரிது. திருத்தங்களுக்கும் மறுபரிசீலனைக்கும் சேர்த்தே காலத்தைத் திட்டமிட வேண்டும். நன்மருத்துவ ஆய்வு நடைமுறைக்கான பயிற்சிச் சான்றிதழையும் இதற்குள் பெற்றுவிடுங்கள்.

முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே பரிசோதனையைப் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும். முன்னணி மருத்துவ இதழ்கள் 2005 முதல் இதை வெளியீட்டுக்கான நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன. பின்னர் பதிவு செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தக் குறையைச் சரிசெய்ய வழியே இல்லை.

தரவு சேகரிப்பு

சேகரிக்கும் ஒவ்வொரு விவரமும் எந்தப் பகுப்பாய்வில் எந்த அட்டவணையில் வரப்போகிறது என்று சொல்ல முடியாவிட்டால், அதைப் படிவத்திலிருந்து நீக்கிவிடுங்கள். 2020இல் பிரிட்டனில் நடந்த ரிகவரி பரிசோதனை, பெருந்தொற்றின் நெருக்கடிக்கு நடுவே பல்லாயிரம் நோயாளிகளைச் சேர்க்க முடிந்ததற்கு அதன் படிவங்களும் நடைமுறைகளும் மிக எளிமையாக இருந்தது ஒரு முக்கியக் காரணம். மார்ச் மாதம் தொடங்கிய அந்த ஆய்வு, செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளிடம் டெக்ஸாமெத்தசோன் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று ஜூன் மாதத்திலேயே அறிவித்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடம் பலன் இல்லை. மலிவான பழைய மருந்து ஒன்று சில மாதங்களுக்குள் உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது.

தரவைச் சாதாரண விரிதாளில் பதிவு செய்யாமல், பிழைகளை அங்கேயே சுட்டிக்காட்டும் தளத்தில் பதிவு செய்வது நல்லது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் உருவாகி இன்று பல நாடுகளில் ஆய்வு நிறுவனங்கள் பயன்படுத்தும் ரெட்கேப் அத்தகைய ஒன்று. வயதுக்கு வரம்பு அமைத்திருந்தால், 230 என்று தட்டியதும் அது எச்சரிக்கும்; யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடமும் அதில் இருக்கும். பெயர், தொலைபேசி எண் ஆகியவை தனிக் கோப்பில், ஆய்வு எண் மட்டும் தரவுக் கோப்பில் இருக்கட்டும். முதல் பத்துப் பேரைச் சேர்த்ததும் சற்று நிறுத்தி, அவர்களுடைய படிவங்களை முழுவதும் சரிபாருங்கள். எந்தக் கேள்வியை எல்லாரும் வெறுமையாக விடுகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பகுப்பாய்வும் எழுத்தும்

எந்த ஒப்பீடு முதன்மையானது, எந்தத் துணைக்குழுக்களைத் தனியே பார்ப்போம், விடுபட்ட தரவை எப்படிக் கையாள்வோம் என்பவற்றைத் தரவைத் திறந்து பார்க்கும் முன்பே எழுதி, தேதியிட்டு, வழிகாட்டிக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். முடிவைப் பார்த்தபின் எழும் ஆசைகளிலிருந்து உங்களைக் காப்பது இந்தக் காகிதம்தான். 1988இல் வெளியான ஐசிஸ்-2 பரிசோதனை, மாரடைப்பு என ஐயுற்ற 17,187 பேரிடம் ஆஸ்பிரின் உயிரைக் காக்கிறது என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. அதே ஆய்வாளர்கள், துணைக்குழுக்களை நம்புவதன் ஆபத்தை உணர்த்துவதற்காகவே, நோயாளிகளைப் பிறந்த ராசிப்படி பிரித்துக் காட்டினார்கள்: மிதுன, துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரினால் பலன் இல்லை என்பதுபோல் எண்கள் வந்தன. போதுமான அளவு கூறுபோட்டால் எந்தத் தரவும் எதையாவது சொல்லிவிடும்.

முடிவை எழுதும்போது பி மதிப்பை (வேறுபாடே இல்லாத நிலையில் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) மட்டும் தராமல், வேறுபாட்டின் அளவையும் அதன் நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை அளவு அடங்கக்கூடிய வரம்பு) சேர்த்துத் தாருங்கள்; சிகிச்சையை மாற்றுவதா என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கு அதுவே தேவை. 1996இல் முதலில் வெளிவந்து 2025இல் புதுப்பிக்கப்பட்ட கன்சார்ட் வழிகாட்டுதல் சமவாய்ப்புப் பரிசோதனைகளை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று சொல்கிறது. சிகிச்சையை ஆய்வாளர் ஒதுக்காமல் நடப்பதைக் கவனித்து மட்டும் பதியும் நோக்காய்வுகளுக்கு ஸ்ட்ரோப் வழிகாட்டுதல் இருக்கிறது. முறைகள் பகுதியைப் புரோட்டோகால் முடிந்த மாதத்திலேயே எழுதிவிடலாம், அப்போதுதான் விவரங்கள் மனத்தில் பசுமையாக இருக்கும். மருந்துப் பயிற்சி பலனளிக்கவில்லை என்று முடிவு வந்தாலும் கட்டுரையை வெளியிட்டே ஆக வேண்டும். வெளியிடாமல் விட்டால், வேறோரிடத்தில் இன்னொருவர் இன்னும் 216 நோயாளிகளிடம் அதையே மீண்டும் செய்வார்.

நடைமுறைக்குக் கொண்டுசெல்லுதல்

கட்டுரை வெளியானதும் பணி முடிந்துவிட்டதாக எண்ணுவதால்தான் கண்டுபிடிப்புகள் பல ஆண்டுகள் இதழ்களிலேயே தங்கிவிடுகின்றன. கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747இல், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகைச் சிகிச்சைகளைச் சோதித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்கள் விரைவில் தேறியதைக் கண்டார். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான். இந்த இடைவெளியை ஆராய்வதற்கென்றே நடைமுறைப்படுத்தல் அறிவியல் என்னும் துறை வளர்ந்திருக்கிறது. விருப்பப் பாடமாக அது கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். நமது எடுத்துக்காட்டில், அரை மணி நேரப் பயிற்சிக்கு எந்தச் செவிலியரின் எந்த வேலையைக் குறைப்பது, இரவுப் பணியில் யார் செய்வது, நிர்வாகம் எதைப் பார்த்து ஒப்புக்கொள்ளும் ஆகிய கேள்விகளுக்கு விடை தேடுவதும் ஆராய்ச்சியே. இதற்காக நோயாளிகள் இருவரையும் வார்டுச் செவிலியர் ஒருவரையும் ஆய்வுத் திட்டமிடும் நிலையிலிருந்தே ஆலோசகர்களாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த பிறகு அவர்களை அழைத்தால், அவர்கள் சுட்டிக்காட்டும் குறைகளைத் திருத்த வாய்ப்பிருக்காது.

கடைசி ஆறு மாதங்களில் இரண்டு வேலைகளை இணையாக நடத்த வேண்டும். ஒன்று, பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் ஆய்வின் முடிவை ஒரு பக்க அளவில் எளிய மொழியில் எழுதி அனுப்புவது. ஒப்புதல் பெறும்போதே முகவரியையும் அனுமதியையும் வாங்கியிருந்தால் இது ஒரு வார வேலைதான். மற்றொன்று, அடுத்த ஆய்வுக்கான நிதி விண்ணப்பம். தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கான நிதிக்கு விண்ணப்பித்து முடிவு தெரிய பல மாதங்கள் ஆகும் என்பதால், பட்டம் பெறும் நாளுக்காகக் காத்திருக்காமல், கிடைத்த முதற்கட்ட முடிவுகளையும் மறுசேர்க்கையை முதன்மை விளைவாகக் கொண்ட 654 பேருக்கான திட்டத்தையும் வைத்து, பிற மருத்துவமனைகள் இரண்டையோ மூன்றையோ கூட்டாளிகளாகச் சேர்த்து, அந்த விண்ணப்பத்தை வழிகாட்டிக் குழு உங்களோடு இருக்கும்போதே எழுதி அனுப்பிவிடுங்கள்.